மாடி வீட்டுக் கட்டில்

வாங்கம்மா, பாத்து ஏறுங்க, மூணாவது படி கொஞ்சம் உசரம். எல்லாருக்கும் முதல் தடவ அதுல இடிக்கும், அப்புறம் காலுக்கே பழகிடும். போர்டு பாத்துட்டுதானே வந்தீங்க? புரோக்கர் யாரும் இல்லையே? நல்லது. புரோக்கர்னு ஒருத்தன் நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் பொய் சொல்லுவான். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்ல. நல்லதும் சொல்லுவேன், கெட்டதும் சொல்லுவேன்.

இருங்க, கதவைத் திறக்கறேன். இந்த வீட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு எங்கிட்ட இருக்கும், அவசரத்துக்கு. கேஸை மூடாம போயிட்டீங்க, குழாயைத் திறந்து விட்டுட்டுப் போயிட்டீங்கன்னா யாராவது பாக்கணும்ல. மத்தபடி நான் மாடிக்கே வர மாட்டேன். குடியிருக்கறவங்க விஷயத்துல மூக்க நுழைக்கறதே எனக்குப் பிடிக்காது. அக்கம்பக்கத்துல யாரை வேணா கேட்டுக்கங்க.

இது ஹால். வெளிச்சம் எப்படி வருது பாருங்க. அந்தப் பக்கம் சமையலறை. குழாய் சொட்டுதுன்னு பாக்கறீங்களா? வாஷர் வாங்கி வெச்சிருக்கேன், நானே மாட்டிடுவேன். எதுக்கும் ஆள் கூப்பிடற பழக்கமே எனக்குக் கிடையாது. முப்பத்தி மூணு வருஷம் கேர்ல்ஸ் ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப்ல இருந்தவ நான். டீச்சர் இல்ல, லேப் அசிஸ்டன்ட். ஆனா இந்த உறையூர்ல கோமளா வீடுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, லேப் டீச்சர் வீடுன்னு சொல்லுங்க, ஆட்டோக்காரன் வாசல்ல கொண்டாந்து விட்டுடுவான். அந்த லேப்ல உடையாத ஸ்டூலும் கிடையாது, நான் ஒட்டிக் குடுக்காத ஸ்டூலும் கிடையாது. ரிட்டயர் ஆன அன்னைக்கு ஹெச்.எம். மேடம் மைக்குல சொன்னாங்க, கோமளா ஒட்டினா அது ஒட்டினதுதான்னு.

இதுதான் பெட்ரூம்.

ஆமாம்மா, கட்டில் இருக்கு. வர்றவங்க எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி இந்த இடத்துலதான் நிப்பாங்க. மொதல்ல கட்டிலைப் பாப்பாங்க, அப்புறம் என்னைப் பாப்பாங்க, அப்புறம் ‘வீட்டுல கலந்துக்கிட்டு சொல்றோம்’னு கிளம்பிடுவாங்க. நாலு மாசமா இதே கதைதான். இப்ப கார்த்திகை பொறந்தாச்சு. நீங்க அப்படிப் போகாதீங்க. என்ன ஏதுன்னு சொல்லிடறேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. உங்க வீட்டுக்காரர் சனிக்கிழமைதான் வர்றாரா? சரி சரி. அவர்கிட்ட நீங்க சொல்லணும்ல, அதுக்காவது முழுசா தெரியணும்.

இங்க நிர்மல், சங்கவின்னு ஒரு ஜோடி இருந்துச்சு. தை மாசம் வந்தாங்க. புதுசா கல்யாணம் ஆனதுங்க. அவன் மருந்துக் கம்பெனியில ரெப்பு, அவ தில்லை நகர்ல ஒரு ஆடிட்டர்கிட்ட வேலை. தங்கமான பிள்ளைங்க. பால் காய்ச்சின அன்னைக்கு மொத டம்ளர் எனக்குத்தான் கொண்டாந்து குடுத்தா. ‘ஆன்ட்டி, நீங்க இருக்கற தைரியத்துலதான் இங்க வந்தோம்’னா. அவ வாயால சொன்னது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அப்படி ஒரு வார்த்தை யாரும் எங்கிட்ட சொன்னதில்ல. பிள்ளைங்க எனக்கில்ல. மாடியில ஆள் நடக்கற சத்தம்தான் எனக்குத் துணை. அந்தச் சத்தம் கேக்கலன்னா சோறு இறங்க மாட்டேங்குது, உண்மையச் சொல்றேன்.

மாசி மாசம் இந்தக் கட்டில் வந்துச்சு. கட்டிலா வந்துச்சு? மூணு அட்டைப் பெட்டியா வந்துச்சு. போன்ல பாத்து போன்லயே வாங்கினது. பலகை தனி, சட்டம் தனி, ஒரு பொட்டலத்துல போல்ட்டு, கூட ‘ட’ மாதிரி வளைஞ்ச ஒரு கம்பி. அந்தக் கம்பியை வெச்சுத் திருகியே மொத்தக் கட்டிலையும் மாட்டிடலாமாம். ஒரு ஞாயித்துக்கிழம பூரா ரெண்டும் தரையில உக்காந்து படத்தைப் பாத்துப் பாத்து மாட்டுதுங்க. நான் மூணு தரம் வந்து பாத்தேன். ‘ஒரு சொட்டு பசை கூட இல்லாம எப்படிப்பா நிக்கும்’னு கேட்டேன். ‘வீடு மாத்தினா கழட்டி எடுத்துட்டுப் போறதுக்குத்தான் ஆன்ட்டி’ன்னான். எனக்கு சுருக்குன்னுச்சு. வந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள வீடு மாத்தற பேச்சு எதுக்கு?

இருங்க, அந்த ஜன்னலைச் சாத்திடறேன். சாரல் அடிக்குது. புறா வேற வந்து உக்காந்துக்கும்.

எங்க விட்டேன்? ஆங், கட்டில். அதுங்க கட்டிலைப் போட்டது எந்தப் பக்கம் தெரியுமா? தலைமாடு வடக்க. படிச்ச பிள்ளைங்க. கேட்டா, பிளக் பாயின்ட் அந்தச் சுவத்துலதான் இருக்கு, போன் சார்ஜ் போடணும்ங்குது. போனுக்காக யாராவது வடக்க தல வெச்சுப் படுப்பாங்களா? ரெண்டு தரம் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே ‘மாத்திடறோம் ஆன்ட்டி’ன்னுச்சுங்க, மாத்தல. அப்புறம் நான் சொல்லல. எனக்கு சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்ற பழக்கம் கிடையாது.

ஒரு நாள் அதுங்க வேலைக்குப் போனப்புறம் நானும் ராணியும் வந்து கட்டிலைத் திருப்பிப் போட்டோம். ராணி எங்க வீட்டுல வேலை செய்யற பொண்ணு. மெத்தையோட, மேல கிடந்த துணிமணியோட அப்படியே புடிச்சு இழுத்தோம். நல்ல கனம். ராணி கூட ‘அம்மா, மெத்தையை எடுத்துடலாமா’ன்னா. ‘அதுக்கு வேற நேரம் போகும், இழுடி’ன்னேன். இழுக்கறப்ப கரகரன்னு ஒரு சத்தம் வந்துச்சு. ஐயோ, டைல்ஸ் கீறிடுச்சேன்னு நெனச்சேன். போனாப் போகுது, நம்ம வீட்டு டைல்ஸ்தானே. தெக்க தலமாடா போட்டாச்சு. அந்த அலமாரிக் கதவு ஒண்ணு பாதிதான் திறக்கும், அதனால என்ன, பாதியில கையை விட்டு எடுத்துக்கலாம்.

சாயங்காலம் சங்கவி வந்து பாத்தா. கீழ வந்து, ‘ஆன்ட்டி, கட்டில் திரும்பியிருக்கு’ன்னா. ‘ஆமாம்மா, நான்தான்’னேன். ‘இல்ல, கதவு பூட்டியிருந்துச்சே’ன்னா. ‘எங்கிட்டதான் சாவி இருக்கே’ன்னேன். ‘ஓ’ன்னா. அவ்வளவுதான். நன்றி கூட எதிர்பாக்கல நான்.

அப்புறம் ஒரு பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும். சித்திரை வெயில், மத்தியானம் ரெண்டு மணி. லீவு நாள். கீழ நான் சாப்பிட்டுட்டுப் படுக்கறேன், மேல மடார்னு ஒரு சத்தம். எனக்கு உசுரே போயிடுச்சு. என்ன ஆச்சோ ஏது ஆச்சோன்னு சாவியை எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். ரெண்டு தட்டு தட்டினேன், அதுங்க வந்து திறக்கறதுக்குள்ள நானே திறந்துட்டேன். அடிபட்டுக் கிடந்தா? பக்கப் பலகையில போல்ட்டு பிச்சுக்கிட்டு வந்து, சட்டமெல்லாம் சரிஞ்சு, மெத்தை ஒரு பக்கம் தரையில. அதுங்க ரெண்டும் போர்வையைச் சுத்திக்கிட்டு முழிக்குதுங்க. ‘அடிபடலையே’ன்னேன். நிர்மல், ‘ஆன்ட்டி, ப்ளீஸ், கொஞ்சம் வெளிய இருங்க’ன்னான். வெளிய இருந்தா கட்டிலை யாரு பாக்கறது? நான் குனிஞ்சு ஒவ்வொரு மூலையா பாத்துட்டுத்தான் போனேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க. எனக்கு அன்னைக்கு சிரிப்பு வரல, பதைபதைப்புத்தான்.

மரமே இல்ல அது. மரத்தூளை அழுத்திப் பலகையாக்கி மேல மரம் மாதிரி காகிதம் ஒட்டியிருக்கான். போல்ட்டு இருந்த ஓட்டையில கையை வெச்சா மாவு மாதிரி உதிருது. நிர்மல் கம்பெனிக்கு போன் பண்ணான். புதுப் பலகை அனுப்பறோம், பத்து நாள் ஆகும்னானுங்க. பத்து நாள் தரையிலயா படுக்கறது? ‘நான் இருக்கேன்’னு சொன்னேன். ‘வேணாம் ஆன்ட்டி, கம்பெனியில வந்துடும்’னான். அவன் மரியாதைக்குச் சொல்றான். நாம அதைப் போய் நெசம்னு எடுத்துக்க முடியுமா?

மறுநாள் காலையில ஆரம்பிச்சேன். நாலு நாள் வேலை. ஓட்டையில மரத்தூளும் பசையும் குழைச்சு அடைச்சேன். அது ஸ்டூலுக்கு நான் பண்றதுதான். ரெண்டு ட்யூப் கலந்து ஒட்டற பசை இருக்கே, அதை ஒரு மூலைக்கு மட்டும் போட்டா மத்த மூலை என்ன ஆகும்? இன்னைக்கு இது விட்டுச்சு, நாளைக்கு அது விடும். அதனால நாலு மூலையும், நடுத் தண்டும், ஒவ்வொரு சட்டமும், போல்ட்டுத் தலை கூட விடல. எல்லாத்தையும் சேத்து ஒட்டிட்டேன். கயிறு கட்டி இறுக்கி, மேல என்னோட கிரைண்டர் கல்லைத் தூக்கி வெச்சேன். அதுங்க ஹால்ல பாய் போட்டுப் படுத்துக்கிச்சுங்க. நான் காலையில ஆறு மணிக்கு வந்து காஞ்சிருக்கான்னு பாப்பேன். எழுப்ப மாட்டேன், சத்தமில்லாம தாண்டித்தான் போவேன்.

எட்டாம் நாள் கம்பெனிப் பலகை வந்துச்சு. புதுப் பலகை, புது போல்ட்டு. நிர்மல் அந்தக் கம்பியைப் போட்டுத் திருகறான், திருகறான், அசையல. எப்படி அசையும், ஒட்டினது யாரு. பலகையைக் கையில புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான். ‘ஆன்ட்டி, இனிமே இது கழட்டவே முடியாதா’ன்னு கேட்டான். ‘ஏம்ப்பா கழட்டணும், ஆயுசுக்கும் நிக்கும்’னேன். பலகையைக் கொண்டுபோய் மொட்டை மாடியில வெச்சுட்டான். இன்னும் அங்கதான் கிடக்கு, மழையில ஊறி ரொட்டி மாதிரி உப்பிப் போச்சு.

ஒரு வேலை செஞ்சா அதோட விட்டுடற ஆள் இல்ல நான். தினமும் காலையில படிக்கட்டுல பாத்தா கேப்பேன், ‘கட்டில் எப்படி இருக்கு, சத்தம் வருதா’ன்னு. சங்கவி தலையைக் குனிஞ்சுக்கிட்டே ‘இல்ல ஆன்ட்டி’ன்னு ஓடிடுவா. ராத்திரி படுத்துக்கிட்டு நான் காது குடுத்துக் கேப்பேன், கிறீச்சுன்னு ஏதாவது வருதான்னு. ஒரு நாள் வந்த மாதிரி இருந்துச்சு. மறுநாள் நிர்மல்கிட்ட கேட்டேன், வண்டி எடுக்கறப்ப, ‘நேத்து பத்தரை மணிக்கு சத்தம் வந்துச்சே, எந்த மூலை’ன்னு. எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தார், கையில குழாயோட அப்படியே நிக்கறார். நிர்மல் முகம் செவந்து போச்சு. நான் கேட்டது கட்டிலைப் பத்தி. இதுல என்ன வெக்கம்?

அந்த வாரமே இந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாப்பாள் போட்டாங்க. இதோ பாருங்க. எங்கிட்ட கேக்காம போட்டது. சரி, சின்னஞ்சிறுசுங்கன்னு நானும் விட்டுட்டேன்.

ஆடி மாசம் கீழ வந்து உக்காந்தாங்க. ‘ஆன்ட்டி, வீட்டைக் காலி பண்றோம், ஆபீசுக்குத் தூரமா இருக்கு’ன்னாங்க. நீயே சொல்லு, ஆடி மாசத்துல யாராவது வீடு மாத்துவாங்களா? நீன்னு வந்துடுச்சு, தப்பா எடுத்துக்காதம்மா, என் வயசுக்கு நீ பொண்ணு மாதிரிதான். இருவது நாள் பொறுத்தா ஆவணி. கோயம்புத்தூர்ல இருந்து அவ மாமியாரே போன்ல திட்டினாங்களாம், ஆடியில அடுப்பு மாத்தக் கூடாதுன்னு. கேக்கல. ‘ஆவணி வரைக்குமாவது இருங்க’ன்னு நான் கெஞ்சினேன். கெஞ்சினேன்தான், சொல்றதுக்கு என்ன. சங்கவி என் கையைப் புடிச்சுக்கிட்டு ‘இல்ல ஆன்ட்டி, எங்களால முடியல’ன்னா. தூரம்னா அவ்வளவு கஷ்டமாம்.

போன இடம் எங்க தெரியுமா? ரெண்டு தெரு தள்ளி. இங்க இருந்து நடந்தா நாலு நிமிஷம்.

சாமான் ஏத்தற அன்னைக்கு இந்தக் கட்டில் போகல. வாசல் ரெண்டரை அடி. வந்த ஆளுங்க நாலு பேரும் நிமித்திப் பாத்தாங்க, சாய்ச்சுப் பாத்தாங்க, கால் மட்டும் வெளிய போகுது, உடம்பு வரல. கழட்டலாம்னா ஒரு போல்ட்டு திரும்பல. ஒருத்தன் சுத்தியல எடுத்தான். சங்கவி அதை வாங்கி வெச்சுட்டு, ‘விட்டுடுங்க, அப்புறம் வந்து எடுத்துக்கறோம்’னா. எங்கிட்டயும் சொன்னா, ‘அப்புறம் வர்றோம் ஆன்ட்டி’ன்னு. அதனாலதான் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றேன், இது இன்னொருத்தர் பொருள், அவங்க வந்து எடுத்துப்பாங்க, அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்னு. ஒருத்தருக்கும் அது பிடிக்கல.

புது வீட்டுல பால் காய்ச்சினதுக்கு என்னைக் கூப்பிடல. மறந்திருப்பாங்க.

இரும்மா, குழாய் சொட்டுதே, ஒரு பாத்திரம் வெச்சுட்டு வர்றேன். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஆச்சு. இன்னொண்ணு சொல்லணும். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. ஐப்பசியில ஒரு நாள் கீரை வாங்கப் போறப்ப அவங்க தெரு வழியா போனேன். அது சுத்துவழிதான், சும்மா போனேன். வாசல்ல ஒரு வண்டி நின்னுச்சு, மூணு அட்டைப் பெட்டி இறக்கறான். பெட்டி மேல கட்டில் படம். எனக்கு சந்தோஷம்தான் வந்துச்சு, சத்தியமா. ஓட்டமா வீட்டுக்கு வந்து என் டூல்ஸ் பையை எடுத்துக்கிட்டு திரும்பப் போனேன். கீழ நின்னு ‘சங்கவி’ன்னு கூப்பிட்டேன். மேல பால்கனிக்கு வந்தா. பையைத் தூக்கிக் காட்டினேன். ‘இல்ல ஆன்ட்டி, கம்பெனி ஆளே வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு, சிரமப்படாதீங்க’ன்னா.

பெட்டி மூணும் என் காலுக்குப் பக்கத்துல படிக்கட்டுல சாத்தியிருக்கு. ஒட்டின டேப் கூட பிரிக்கல.

அவ பெட்டியைப் பாத்தா. நானும் பாத்தேன். ‘சரிம்மா, உடம்பைப் பாத்துக்க’ன்னு வந்துட்டேன். வர்ற வழியில கீரை வாங்கணும்ங்கறதே மறந்துடுச்சு. பொய் சொல்ற பொண்ணு இல்ல அவ. அவளைப் பொய் சொல்ல வைக்கற அளவுக்கு நான் என்ன பண்ணேன்னு எனக்குப் புரியல. அஞ்சாறு நாள் தூக்கம் இல்ல.

என்ன? என்ன கேட்ட?

இழுத்தப்ப வந்த சத்தமா? அதான் சொன்னேனே, டைல்ஸ் கீறின சத்தம்னு. எங்க கீறல்னா, இதோ இங்கதான் எங்கயாவது இருக்கும். வடக்கச் சுவத்துல இருந்து இப்படித்தான் இழுத்தோம். நகரு, நான் குனிஞ்சு பாக்கறேன். லைட்டைப் போடு.

இங்க இல்ல.

இந்தப் பக்கம் பாப்போம். இந்தக் கால் இப்படி வந்திருக்கணும். இங்கயும் இல்ல. துடைச்சுத் துடைச்சுப் போயிருக்குமோ? கீறல் எப்படித் துடைச்சாப் போகும்.

கொஞ்சம் கையைக் குடு, எழுந்திருக்கணும். இல்ல, வேணாம், தரையிலயே உக்காந்துக்கறேன். அப்ப அன்னைக்கே பிஞ்சிருக்கு. உள்ள போல்ட்டு பிஞ்ச சத்தம். பதினஞ்சு நாள் அதுங்க தெரியாம அது மேல படுத்திருக்குங்க. நான்தான் உடைச்சிருக்கேன். உடைச்சுட்டு, ஒட்டி வேற வெச்சிருக்கேன். அந்தப் பொண்ணு ஒரு நாள் கூட, நீங்க இழுத்ததாலதான்னு ஒரு வார்த்தை சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். கணக்கப்பிள்ளை வேலை பாக்கறவ, அவளுக்குத் தெரியாதா. சொல்லிட்டுத் திட்டியிருந்தா இப்படி ஆகியிருக்காதே. நானும் ரெண்டு நாள் அழுதுட்டு சாவியைக் குடுத்திருப்பேன்.

குடுத்திருப்பேனா? தெரியல.

நீ கேட்டியே, இந்தக் கட்டிலை எடுக்க முடியுமான்னு. முடியும். ரம்பம் வாங்கி நாலு மாசம் ஆச்சு. காகிதம் சுத்தி கட்டிலுக்கு அடியிலயே வெச்சிருக்கேன், குனிஞ்சு பாரு, தெரியும். அறுத்தாத்தான் போகும். அவங்க வருவாங்கன்னு வெச்சிருந்தேன். வர மாட்டாங்க. நாளைக்குக் காலையில ராணியை வெச்சு அறுத்துடறேன். நீ உன் கட்டிலைக் கொண்டா. எப்படிப்பட்ட கட்டில் அது? கழட்டி மாட்டறதா? அதுவும் போல்ட்டு போட்டதுதானா? அப்ப அந்த மூலையில மட்டும் ஒரு சொட்டு...

இல்ல. நான் ஒண்ணும் சொல்லல. உன் கட்டில், உன் இஷ்டம். வடக்க தல வெச்சாலும் சரி.

இந்தா, புடி. இது உன் சாவி. இதுவும் புடி. அவசரத்துக்குன்னேனே, அந்தச் சாவி. ரெண்டும் உன் கையிலயே இருக்கட்டும். மேல வரணும்னா நான் படிக்கட்டுல நின்னு கூப்பிடறேன். வராதீங்கன்னு சொல்லிடு, பரவால்ல, போயிடுவேன். ஆனா ஏதாவது பதில் சொல்லும்மா. சத்தமே இல்லாம இருந்துடாத.

கிளம்பிட்டியா? ஒரு நிமிஷம் இரு. உன்கிட்ட பொய் சொல்லக் கூடாது. மூணாவதா ஒரு சாவி இருக்கு. அந்தத் தாப்பாள் போட்டாங்களே, அந்த வாரம் நான் தனியா ஒண்ணு வெட்டி வெச்சேன், எதுக்குன்னு எனக்கே தெரியல. கீழ சமையலறையில மிளகாத்தூள் டப்பாவுக்குப் பின்னால கிடக்கு. போய் எடுத்துட்டு வந்துடறேன், முட்டி வலி, கொஞ்சம் நேரமாகும். நீ போயிடாத. அந்தக் கட்டில்லயே உக்காந்திரு, அசையாது.